சத்தப் பை

உஸாமாவுக்கு நாலு வயது. அவன் வாயை மூடி யாரும் பார்த்ததில்லை. தூக்கத்தில்கூட "அது ஏன்?" என்று கேட்பான். அப்போதும் அவன் அக்கா அஃபீஃபாதான் எழுந்து பதில் சொல்ல வேண்டும்.

வாய் போதாது என்று அவன் காலும் பேசும். பெரியம்மா வாங்கிக் கொடுத்த புதுச் செருப்பு அது. அடி வைத்தால் 'கீச்' என்று கத்தும். கூடவே குதிகாலில் சிவப்பு விளக்கு எரியும்.

"வாங்கிக் குடுத்தவங்க வீட்டுக்கு மட்டும் இதைப் போட்டுட்டு வரக் கூடாதாம்!" என்று அம்மா ஜஹானாரா சொல்லிச் சிரிப்பார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பாலக்கரையிலிருந்து மூவரும் 'ஆறும் போரும்' என்ற ஒருநாள் சுற்றுலாவுக்குக் கிளம்பினார்கள். காலையில் கோட்டை வாசல். பிறகு ஸ்ரீரங்கம். சாயங்காலம் கொள்ளிடக் கரையில் நீர்நாய். எல்லாவற்றுக்கும் ஒரே வேன்.

அஃபீஃபாவுக்குப் போர்க் கதை பிடிக்கும். உஸாமா வந்தது நீர்நாய்க்காக மட்டும்தான். ஒரு வாரமாக வீட்டில் அதே பேச்சு.

"அக்கா, அது நாயா, மீனா?"

"ரெண்டும் இல்ல. தண்ணியில நீந்தும். மீன் சாப்பிடும்."

"முள்ளை யாரு எடுத்துக் குடுப்பாங்க?"



வேன் முதலில் மெயின்கார்டு கேட் பக்கத்தில் நின்றது. சுற்றுலாவுக்கு வழிகாட்டி கலைமதி அக்கா. தலையில் தொப்பி, கழுத்தில் விசில். பழைய கோட்டை வாசலின் கல்லைத் தட்டிக் காட்டிப் பேச ஆரம்பித்தார்.

"இருநூத்தம்பது வருஷத்துக்கும் முன்னாடி இந்த ஊர்ல பெரிய சண்டை. கோட்டைக்குள்ள ஒரு நவாபும் ஆங்கிலேயர்களும். வெளியில இன்னொரு நவாபும் பிரெஞ்சுக்காரங்களும்."

"ரெண்டு நவாபா?" என்று கேட்டான் உஸாமா.

"அதுதான் தம்பி பிரச்சனையே!"

எல்லோரும் சிரித்தார்கள். வேனில் கூட வந்த பீமராவ் தாத்தா மட்டும் சிரிக்கவில்லை. அவர் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பறவை, மிருகம் என்றால் உயிர். கழுத்தில் சுரைக்காய் அளவுக்கு ஒரு கேமரா தொங்கியது. கோட்டை வாசல் மாடத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பச்சைக்கிளியைக் குறி பார்த்துக்கொண்டிருந்தார். 'கீச்' என்று ஒரு சத்தம். கிளி பறந்துவிட்டது. அவர் திரும்பி, உஸாமாவின் காலை முறைத்தார்.

கலைமதி அக்கா தொடர்ந்தார். "சண்டை வருஷக்கணக்கா நடந்துச்சு. உள்ள இருக்கிறவங்களுக்கு அரிசி வேணுமே? புதுக்கோட்டைப் பக்கத்துலேருந்து இருட்டுல, எதிரிக்குத் தெரியாம மூட்டை மூட்டையா கொண்டு வந்திருக்காங்க. மூட்டை சுமக்கிற மாட்டுக்குக் கழுத்துல மணி இருக்கும். அதை என்ன செஞ்சிருப்பாங்க?"

 அஃபீஃபா கையைத் தூக்கினாள்.

"கழட்டியிருப்பாங்கக்கா. ஒரு மாட்டை விடாம எல்லாத்துக்கும். ஒரே ஒரு மணி அடிச்சாலும் எல்லாரும் பிடிபட்டிருப்பாங்க."

"மணியைப் பத்தி நான் படிச்ச புத்தகத்துல எதுவும் இல்ல. ஆனா நானும் அப்படித்தான் நினைக்கிறேன். சபாஷ்!" என்றார் கலைமதி அக்கா.

காவிரிப் பாலத்தைத் தாண்டி வேன் ஸ்ரீரங்கம் போனது. உயர்ந்த கோயில் மதிலைக் காட்டிக் கலைமதி அக்கா அடுத்த கதையைச் சொன்னார்.

"ஒரு கட்டத்துல பிரெஞ்சுப் படை இந்தத் தீவுக்கு வந்துடுச்சு. இந்தப் பக்கம் காவிரி, அந்தப் பக்கம் கொள்ளிடம், நடுவுல பெரிய மதில். இனிமே பயமில்லைன்னு நினைச்சாங்க. ஆனா எதிரிங்க ஆத்துக்கு அக்கரையில உக்காந்துக்கிட்டு, சாப்பாடு வர்ற வழியை எல்லாம் அடைச்சுட்டாங்க. கடைசியில பசி தாங்காம சரணடைஞ்சாங்க."

உஸாமாவுக்கு ரொம்ப வருத்தமாகிவிட்டது. "வர்றப்பவே டிபன் பாக்ஸ் கொண்டு வந்திருக்கலாம்ல?"

"அதைச் சொல்ல உன்னை மாதிரி ஒருத்தர் அந்தப் படையில இல்லையேடா," என்றார் அம்மா.

பிறகு காவிரிக் கரைக்குப் போனார்கள். ஒரு கிளையின் நுனியில் நீலமாக ஒரு மீன்கொத்தி உட்கார்ந்திருந்தது. பீமராவ் தாத்தா மூச்சைப் பிடித்துக்கொண்டு கேமராவைத் தூக்கினார்.

"நீலக் குருவீ!" என்று கத்தினான் உஸாமா.

படத்தில் வெறும் கிளை மட்டும்தான் விழுந்தது.  சாப்பிடும்போது பீமராவ் தாத்தா மோர் சாதத்தைப் பிசைந்த விதம் நன்றாக இல்லை.

சாயங்காலம் முக்கொம்புக்குப் போகும் வழியில், கொள்ளிடக் கரையோரம் ஒரு மண் பாதையில் வேன் நின்றது. எதிரே ஆள் உயரத்துக்கு நாணல்.

"இங்கேருந்து நடக்கணும். நாணலுக்கு அந்தாண்டை ஒரு மணல் திட்டு இருக்கு. நீர்நாய்க் குடும்பம் அங்கதான் வரும். ஆனா அதுங்களுக்குக் காது ரொம்பக் கூர்மை. ஒரு சின்னச் சத்தம் கேட்டாலும் தண்ணிக்குள்ள மறைஞ்சிடும்," என்றார் கலைமதி அக்கா.

வேனில் இருந்த அத்தனை தலைகளும் உஸாமா பக்கம் திரும்பின.

பீமராவ் தாத்தா தொண்டையைச் செருமினார். "தப்பா நினைச்சுக்காதீங்கம்மா. இந்த நீர்நாயைப் பாக்க நான் மூணாவது தடவையா வரேன். பையனை வேன்லயே உக்கார வெச்சா தேவலை."

கலைமதி அக்கா கழுத்திலிருந்த விசிலை உருட்டிக்கொண்டிருந்தார். கல்லூரி மாணவர்கள் நான்கு பேர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்கள். அம்மாவின் முகம் வாடிப்போனது.

"அவர் சொல்றதும் சரிதான். நான் இவனோட இருக்கேன். அஃபீ, நீ போயிட்டு வா."

"நான் சத்தமே போட மாட்டேன்!" என்றான் உஸாமா. அதை அவன் சொன்ன சத்தத்தில் நாணலிலிருந்து இரண்டு கொக்குகள் பறந்தன.

அவன் உதட்டைக் கடித்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்தான். ஒரு வாரமாக நீர்நாய் நீர்நாய் என்று சொல்லிக்கொண்டிருந்த குழந்தை. 

அஃபீஃபா மற்றவர்களோடு இறங்கி நடந்தாள். பத்தடிகூடப் போயிருக்க மாட்டாள். மாணவர்கள் கையில் சிப்ஸ் பாக்கெட் சரசரத்தது. பீமராவ் தாத்தாவின் இடுப்பில் சாவிக்கொத்து குலுங்கியது. இன்னொரு சத்தமும் கேட்டது. சல், சல், சல். யாரது என்று அஃபீஃபா சுற்றிப் பார்த்தாள். அது அவளுடைய கொலுசுதான்!

அவள் நின்றுவிட்டாள்.

"அக்கா, ஒரு நிமிஷம். எல்லாரும் ஒரே ஒரு தடவை குதிக்கிறீங்களா?"

"எதுக்கும்மா?"

"சும்மா. ஒரே ஒரு தடவை."

குதித்தார்கள். சாவி குலுங்கியது. சில்லறை கலகலத்தது. சிப்ஸ் நொறுங்கியது. கலைமதி அக்காவின் விசில் சட்டைப் பொத்தானில் மோதி டொக்கென்றது. யாருடைய போனோ பாட்டுப் பாடியது. கல்யாண வீடு தோற்றது போங்கள்!

"இதுல உஸாமாவோட சத்தம் எது?" என்று கேட்டாள் அஃபீஃபா. "அவன்தான் வேன்ல இருக்கானே?"

அவள் தன் கொலுசைக் காட்டினாள்.

"நம்ம எல்லார் கழுத்துலயும் மணி இருக்குக்கா. முதல்ல என்னுது. நாம எல்லாரும் கழட்டிட்டு, அவனையும் கூட்டிட்டுப் போவோம்."

"மத்ததெல்லாம் கழட்டிடலாம்," என்றார் பீமராவ் தாத்தா. "அவன் வாயை யாரு கழட்டுறது?"

"அது என் பொறுப்பு தாத்தா. அவன் ஒரு வார்த்தை பேசினாலும் நானே தூக்கிட்டு வேனுக்கு வந்துடறேன். நானும் பாக்க மாட்டேன்."

 "சரி, வரட்டும்," என்றார் பீமராவ் தாத்தா.

அஃபீஃபா வேனுக்கு ஓடினாள். அம்மாவின் துணிப் பையை வாங்கி உஸாமாவின் தோளில் மாட்டினாள்.

"டேய், நீதான் இப்போ கோட்டை வாசல் காவல்காரன். சத்தம் போடுற எதையும் உள்ள விடக் கூடாது. எல்லாத்தையும் இந்தப் பையில வாங்கிப் போடு. ஆனா காவல்காரன் வாயத் திறக்கக் கூடாது. கையாலதான் சொல்லணும். முடியுமா?"

உஸாமா "முடி..." என்று ஆரம்பித்தான். சட்டென்று நிறுத்தி, தலையை மட்டும் ஆட்டினான்.

முதலில் அவன் தன் செருப்பைக் கழற்றினான். அதை ஒருமுறை ஆசையாகப் பார்த்துவிட்டுப் பைக்குள் போட்டான். அஃபீஃபாவின் கொலுசும் உள்ளே போனது.

பிறகு ஒவ்வொருவராக அவன் முன்னால் வந்து குதித்தார்கள். மாணவர்கள் சிப்ஸைக் கொடுத்தார்கள். கலைமதி அக்கா விசிலைக் கொடுத்தார். போன்களும் பைக்குள் போயின. அம்மா தன் கண்ணாடி வளையல்கள் மேல் கைக்குட்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டார். உஸாமா காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டுத்தான் ஒவ்வொருவரையும் விட்டான். சத்தத்தைப் பற்றி அவனுக்குத் தெரியாதது எதுவும் இல்லை அல்லவா?

கடைசியாகப் பீமராவ் தாத்தா. குதித்தார். சாவிக்கொத்து. மறுபடி குதித்தார். சில்லறை. மறுபடி குதித்தார். மிட்டாய் டப்பா.

நான்காவது முறை குதித்தபோது 'மடக்' என்று கேட்டது.

உஸாமா கையை நீட்டினான்.

"தம்பி, அது என் முட்டி. அதை எப்படிடா கழட்டுறது?"

மாணவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். உஸாமா சிரிக்கவில்லை. இது காவல் வேலை. கொஞ்சம் யோசித்தான். பிறகு பீமராவ் தாத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டான். காலை மெல்லத் தூக்கி, மெல்ல வைத்து, எப்படி நடக்க வேண்டும் என்று செய்து காட்டினான்.

டிரைவர் அற்புதசாமி பையை வாங்கிக்கொண்டு வேனிலேயே இருந்தார். மற்றவர்கள் நாணலுக்குள் நுழைந்தார்கள். பாதை முழுக்க மணல். காலடிச் சத்தமே இல்லை. முன்னால் உஸாமாவும் பீமராவ் தாத்தாவும் கைகோத்து நடந்தார்கள்.

நாணலின் ஓரத்தில் உட்கார்ந்தார்கள். எதிரே மணல் திட்டு. அதில் ஒன்றுமே இல்லை. தண்ணீர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

நேரம் போனது. உஸாமாவின் கன்னம் உப்பிக்கொண்டே வந்தது. உள்ளே எத்தனை கேள்விகள் முட்டிக்கொண்டு நிற்கின்றனவோ! அஃபீஃபா தண்ணீரைப் பார்க்கவே இல்லை. தம்பியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திடீரென்று உஸாமாவின் கண்கள் விரிந்தன. வாய் திறந்தது.

போச்சு என்று நினைத்தாள் அஃபீஃபா. அவனைத் தூக்குவதற்காகப் பாதி எழுந்துவிட்டாள்.

ஆனால் சத்தம் வரவில்லை. உஸாமா தான் பிடித்திருந்த பீமராவ் தாத்தாவின் பெரிய கையை இழுத்து, தன் வாய்மேல் வைத்து அழுத்திக்கொண்டான்.

பீமராவ் தாத்தா திடுக்கிட்டுக் குனிந்து பார்த்தார். பிறகு அவன் பார்த்த திசையில் பார்த்தார்.

தண்ணீரில் ஒரு உருண்டைத் தலை. பக்கத்தில் இன்னொன்று. பின்னாலேயே இரண்டு குட்டித் தலைகள். பெரிய நீர்நாய் வாயில் ஒரு கெண்டை மீனோடு திட்டில் ஏறி, உடம்பைச் சிலிர்த்துக்கொண்டது. குட்டிகள் அதன் மேல் ஏறி விழுந்து மீனுக்குச் சண்டை போட்டன. ஒன்று மீனின் வாலைப் பிடித்து இழுத்தது. இன்னொன்று அந்த வால் பிடித்தவனின் வாலைப் பிடித்து இழுத்தது. முள் எடுத்துக் கொடுக்க யாரும் வரவில்லை. கறுக் முறுக்கென்று முள்ளோடு தின்றன.

பீமராவ் தாத்தாவின் இடது கை கேமராவைத் தேடிப் போனது. சுரைக்காய் அளவுக் கேமராவுக்கு இரண்டு கையும் வேண்டும். அவருடைய வலது கை உஸாமாவின் வாய்மேல் இருந்தது. சின்ன விரல்கள் அதை இறுக்கிப் பிடித்திருந்தன. அந்தக் கை வழியாக ஒரு குட்டி மூச்சு வேக வேகமாகப் போய் வந்துகொண்டிருந்தது.

அவர் கேமராவைப் பார்த்தார். பையனைப் பார்த்தார். கேமராவை அப்படியே தொங்கவிட்டார்.

நீர்நாய்கள் விளையாடி முடித்து, ஒவ்வொன்றாகத் தண்ணீரில் இறங்கி மறையும்வரை அவர் கையை எடுக்கவே இல்லை.

எல்லோரும் மணலில் மெல்ல அடிவைத்து வேனுக்குத் திரும்பினார்கள். கதவருகே வந்ததும் அஃபீஃபா தம்பியின் தலையைக் கோதினாள். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

"இப்போ பேசலாம்டா."

உஸாமா நேராகப் பீமராவ் தாத்தாவிடம் போனான். "தாத்தா, நீங்க ஏன் போட்டோவே எடுக்கல?"

"என் கை அதைவிடப் பெரிய வேலையில இருந்துச்சுடா," என்றார் பீமராவ் தாத்தா. பிறகு ஜன்னலோரமாக நகர்ந்து, பக்கத்து சீட்டைத் தட்டினார். "வா, இங்க உக்காரு. அதுங்க என்னென்ன செஞ்சுதுன்னு முதல்லேருந்து சொல்லு. ஒண்ணு விடாம."

உஸாமா ஏறி உட்கார்ந்து, மூச்சு விடாமல் சொல்ல ஆரம்பித்தான்.