அடிப்பக்கம் பச்சை

காலை எட்டேகாலுக்கு உறையை விலக்கிய கப்பல்காரர் கத்தவில்லை. நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டார். மேஜைமேல் முழ நீளத்தில் ஒரு மாதிரிக் கப்பல் நின்றது. ஆனால் அது அவர் செய்ததல்ல. அவர் அடிப்பக்கத்துக்குப் பூசியது சிவப்பு. இது பச்சை. மாலையில் மாதிரிக் கப்பல் போட்டி.

ஒன்பது மணிக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். எடுத்த எடுப்பில் யாரையும் நம்புகிற பழக்கம் அந்த அம்மாளுக்கு இல்லை. மேஜையில் நிறம் பார்க்கப் பூசிய குச்சிகள் கிடந்தன. எல்லாமே சிவப்பு, ஒவ்வொன்றும் ஒருவிதம். ஒன்றை எடுத்தார்.

"தொடாதீங்க மேடம், பச்சையா இருக்கு."

சொல்லி முடிப்பதற்குள் விரலில் சிவப்பு ஒட்டிக்கொண்டது.

"இதுல எதுக்கு இத்தனை?"

"நிஜக் கப்பலோட சிவப்பை அப்படியே பூசினா சின்னதுல கறுத்துத் தெரியும். வெள்ளை கலந்து கலந்து, வாரக்கணக்கா இதே வேலை."

"அறைச் சாவி?"

"என் சட்டைப்பையில ஒண்ணு, என் சம்சாரத்துகிட்ட ஒண்ணு. அவதான் மேடம். இந்தக் கப்பலைக் கண்டாலே அவளுக்கு ஆகாது."

மனைவி வாசற்படியிலேயே நின்றிருந்தாள். முகம் செத்துப்போயிற்று.

"ஆகாதுதான்" என்றாள். "ஆனா சாப்பாட்டுத் தட்டோட வர்றப்பெல்லாம், எந்தச் சிவப்பு நல்லாருக்குன்னு என்னையேதான் கேப்பாரு."

நேற்றிரவு தங்க வந்த தம்பி குறுக்கிட்டான். "அண்ணி அப்படிப்பட்டவங்க இல்ல."

யாரும் கேட்கவில்லையே என்று இன்ஸ்பெக்டர் நினைத்துக்கொண்டார்.

"நீங்களும் போட்டியில இருக்கீங்களா?"

"ஆமா. அதே வரைபடம்தான். என் கப்பலைக் கட்டி வண்டியில வச்சாச்சு."

"அண்ணன் கப்பலைப் பார்த்திருக்கீங்களா?"

"உள்ளயே விடமாட்டாரு. போன்ல விசாரிக்கிறதோட சரி."

இன்ஸ்பெக்டர் கப்பல்காரரிடம் திரும்பினார். "என்ன விசாரிச்சார்?"

"நாலு நாள் முன்னாடி போன் பண்ணி, மேல என்ன நிறம், கோடு என்ன நிறம்னான். சொன்னேன். அடிப்பக்கம்னான். இன்னும் பச்சையா இருக்குன்னேன்."

"வண்டியைத் திறங்க தம்பி."

அவன் அசையவில்லை.

"கண்ணால பார்த்தவங்க சிவப்பைத்தான் பூசியிருப்பாங்க. நீங்க காதால கேட்டவர். காயலைன்னு அவர் சொன்னதை நிறம்னு எடுத்துக்கிட்டீங்க. ஜெயிக்கப்போறது அண்ணன் கப்பல்னு உங்களுக்குத் தெரியும். ஒரே வரைபடம், ஒரே நிறம். மாத்தி வச்சா எது யாரோடதுன்னு யார் நிரூபிக்கிறது? அண்ணன் தூங்கினதும் சாவியை எடுத்தீங்க. உறையைத் தூக்கினப்பதான் சிவப்பு தெரிஞ்சிருக்கும். திரும்பப் பூசினா காயாது. துணிஞ்சு மாத்திட்டீங்க."

வண்டியிலிருந்த பெட்டியில் சிவப்பு அடியோடு கப்பல் பத்திரமாக இருந்தது.

கப்பல்காரர் அதைக் குழந்தைபோல வாங்கிக்கொண்டார். பிறகு மனைவி பக்கம் திரும்பி, "கிளம்பு, போட்டிக்கு நீயும் வா" என்றார்.

"ஒரு சிவப்பைத் தேர்ந்தெடுக்க வாரக்கணக்கா யோசிச்சீங்க" என்றாள் அவள். "என் பேரைச் சொல்ல ஒரு நிமிஷம்கூட யோசிக்கலையே."