இல்லாத பாதம்

அக்கா அசையாமல் தூங்கிக்கொண்டிருந்தாள். ஆனால் கட்டிலருகே இருந்த திரையில், அவளுடைய வலது பாதத்துக்குரிய கோடு மெல்ல நெளிந்துகொண்டிருந்தது. அந்தப் பாதம் இப்போது இல்லை. லாரி ஏறி நசுங்கிய காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துப் பல மாதங்கள் ஆகிவிட்டன.

கால் போனாலும் வலி போகவில்லை. இல்லாத விரல்களை யாரோ குறட்டால் முறுக்குகிறார்கள் என்று தலையணையைக் கடித்துக்கொண்டு அழுவாள். நரம்பு வலியை ஆராய்வதுதான் தங்கையின் வேலை. மனசு கேட்காமல் தன் ஆய்விலேயே அக்காவையும் சேர்த்துக்கொண்டாள். துண்டான நரம்பைச் சுற்றி ஒரு மெல்லிய கம்பி. அது மின்சாரம் செலுத்தி வலியை அடக்கும். நரம்பில் ஓடுவதைத் திரையிலும் காட்டும். நேற்று கருவியை முடுக்கியதுமே வலி பட்டென்று நின்றது. அக்கா தங்கையின் கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு அப்படியே தூங்கிப்போனாள்.

இன்று விடுமுறைப் பிற்பகல். வெளியே மழை கொட்டியது. ஆஸ்பத்திரி நடைபாதையில் ஆளரவமே இல்லை, ஸ்பிரிட் வாடையோடு ஈரச்சுவரின் நெடியும் கலந்து அறைக்குள் வந்தது, ஏசி எங்கோ பல்லைக் கடிப்பதுபோல் முனகியது. கம்பி தளர்ந்திருக்கும் என்று நினைத்துத் தங்கை ஒவ்வொரு இணைப்பாக அழுத்திப் பார்த்தாள். கோடு நிற்கவில்லை. வலியின் கோடு முள்வேலி மாதிரி இருக்கும். இது வழுவழுப்பாக ஏறி இறங்கியது. ஆய்வுக்கு வருகிறவர்களின் தோலைத் தூரிகையால் வருடும்போது இதே வடிவத்தை எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள்.

தொடுகை.

அக்காவின் தோளை உலுக்கினாள். "அக்கா, முழிச்சுக்கோ. காலுல ஏதாச்சும் தெரியுதா?"

அக்கா கண்ணைத் திறக்கவில்லை. "வலியெல்லாம் இல்லடி. தடவிக்கிட்டிருக்காங்க."

"யாரு?"

"தெரியல. கை ஜில்லுனு இருக்கு. முன்னாடியும் தடவியிருப்பாங்க போல. வலியில எனக்குத்தான் தெரியாமப் போச்சு."

"ஏன்க்கா சொல்லல?"

"சொன்னா மெஷினை நிறுத்திடுவே. மறுபடி அந்த வலியை என்னால தாங்க முடியாதுடி."

கோடு நெளிவதை நிறுத்தியது. பிறகு செங்குத்தாக ஏறி, உச்சியிலேயே நின்றது. இறங்கவில்லை. அதுவும் தங்கைக்குத் தெரிந்த வடிவம்தான். பிடி.

அக்கா கண்களைத் திறந்தாள். "இழுக்கறாங்க."

போர்வைக்குள் துண்டுக்கால் விறைத்து நீண்டது. அதற்கு அப்பால் போர்வை தட்டையாகக் கிடந்தது. அங்கே ஒன்றுமில்லை. தலையணை நழுவியது. அக்காவின் முதுகுக்கடியில் விரிப்பு சுருண்டது. ஒரு சாண். இன்னொரு சாண்.

தங்கை பாய்ந்து விசையை அணைத்தாள். திரை இருண்டது. வலி திரும்பி வர, அக்கா அலறினாள். இழுப்பு நிற்கவில்லை.

அக்காவின் அக்குளில் கைகொடுத்துப் பிடித்தாள். பலம் கொண்டமட்டும் பின்னால் சாய்ந்தாள். செருப்பு தரையில் கிறீச்சிட்டது. ஏசி நின்றுபோயிருந்தது. மழைச் சத்தம்கூடக் கேட்கவில்லை. அக்காவின் மூச்சு மட்டும்.

"விட்டுடாதேடி."

அக்காவின் உடம்பு கட்டிலின் விளிம்பைத் தாண்டியது. முழங்கால். தொடை. இடுப்பு. கீழே விழவில்லை. வெறும் காற்றில், தரைக்கு மேலே, மட்டமாக நீண்டு நின்றது. ஒரு முனையில் தங்கையின் வியர்த்த கைகள். மறுமுனையில், கட்டுப்போட்ட துண்டுக்கால் காட்டிய திசையில், வெள்ளைச் சுவர்.

தங்கையின் விரல்கள் ஒவ்வொன்றாக வழுக்கின.