எமனை மறித்த அன்னக்கொடி

அன்னக்கொடிக்கு அன்று எமன் மேல் கோபமில்லை. ஊர்த் தலைவரான அம்பலம் விருமாண்டி மேல்தான் கோபம். பத்து வயசுப் பிள்ளைக்கு அம்புட்டுக் கோபம் வரலாமா? வரலாம். காரணத்தைக் கேளுங்கள்.

அவளுடைய அத்தை சோலையம்மாளுக்குப் பரிசம் போட்டிருந்த கருத்தக்கண்ணன், பர்மாவில் வேலை பார்த்தார். ரங்கூனில் குண்டு விழுந்ததில் அவர் செத்துப்போனதாகச் சேதி வந்தது. ஊரே அழுது, கருமாதியும் முடித்தது. மனிதர் என்னடாவென்றால், காடு மலையெல்லாம் நடந்து, முழுசாக ஊர் வந்து நின்றார்!

“கருமாதி முடிஞ்ச ஆளு ஊருக்குள்ள கால் வைக்கக் கூடாது. விடியிறதுக்குள்ள கிளம்பச் சொல்லுங்க” என்று விருமாண்டி தீர்ப்புச் சொல்லிவிட்டார். அத்தை ஒரு வாய் சோறு தின்னவில்லை.

அன்று மாலை ஊர் எல்லைப் பொட்டலில் டூரிங் டாக்கீஸ் படம். அத்தையை அன்னக்கொடிதான் இழுத்து வந்தாள். கருத்தக்கண்ணன் கொட்டகைக்கு வெளியே நின்று வசனத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார்.

உள்ளே படம் அமர்க்களப்பட்டது. எமனுடைய ஆள் தவறுதலாக ஒரு கல்யாண மாப்பிள்ளையின் உயிரைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். மாப்பிள்ளையோ, “தாலி கட்டிவிட்டு வருகிறேன், விடுங்கள்!” என்று எமனின் எருமை வாலைப் பிடித்துக் கெஞ்சினான். பூமியில் அவனுக்குக் கருமாதி நடந்தது. மணப்பெண் விழுந்து விழுந்து அழுதாள்.

“யோவ் எமா! அந்தப் பயல விட்ருய்யா! புள்ள அழுகுறது கண்ணுக்குத் தெரியலையா?”

பெஞ்சிலிருந்து கத்தியவர் யார்? சாட்சாத் விருமாண்டியேதான்!

ரீல் முடிந்து விளக்கு எரிந்தது. அன்னக்கொடி மணலைத் தட்டிவிட்டு எழுந்தாள். நேராகப் போய்த் திரைக்கு முன்னால் நின்றாள்.

“ஏ புள்ள, உக்காரு! மறைக்குது!”

“உக்கார மாட்டேன். பெரியப்பா, எமன விடச் சொல்றீங்களே, எங்க மாமாவ நீங்க விட்டீங்களா?”



“அது... கருமாதி பண்ணியாச்சுல்ல?” என்றார் விருமாண்டி.

“படத்துலயுந்தான் பண்ணுனாங்க!”

“அது சினிமா, ஆத்தா! வெறுங்கத!”

“வெறுங்கதைக்கே தொண்ட கிழியக் கத்துனீங்க. மாமா நெசமான ஆளு, வெளியதான் நிக்குறாரு. எங்க அத்தையுந்தான் அழுகுது!”

“நகருடி! ஒங்கப்பன்ட்டச் சொல்லி முதுகுத் தோல உரிக்கிறேன்!”

“உரிங்க. நகர மாட்டேன்.”

அவள் காலை மணலுக்குள் இன்னும் நன்றாகப் புதைத்துக்கொண்டாள்.

“ரீலப் போடுப்பா!” என்று கூட்டம் கத்தியது.

“அவ நகர்ந்தாத்தானே போடுவேன்” என்றார் படம் ஓட்டும் உக்கிரபாண்டி.

“அம்பலம், ஒரு வார்த்த சொல்லித் தொலைங்களேன்! மாப்ள கதி என்னன்னு தெரிய வேணாமா?” என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

விருமாண்டி தலையைச் சொறிந்தார். மாப்பிள்ளை கதி அவருக்கும் தெரிந்தாக வேண்டும்.

“சரி சரி, அவன வரச் சொல்லு.”

“கொட்டகைக்கா, ஊருக்கா?”

“ஊருக்குத்தான் தாயே! மொதல்ல நகரு!”

அவள் வெளியே ஓடி, மாமாவின் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். விருமாண்டி பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டார். மாமா உட்காரவில்லை. பெண்கள் பக்கத்துத் தடுப்பை விலக்கிக்கொண்டு அத்தை வந்தாள். ஊர் முழுக்கத் திரையை விட்டு அவர்கள் பக்கம் கழுத்தைத் திருப்பியது.

உக்கிரபாண்டி ரீலைப் போட, திரையில் எமன் வாயைத் திறந்தான். அவன் என்ன சொன்னான் என்று இன்றுவரை அந்த ஊரில் ஒருவருக்கும் தெரியாது.