கடல் மீனுக்கு எந்த பேஸ்ட்?

"அது வேண்டாமுங்க… அதை நான் தரமாட்டேன்."

கடைக்காரன் மென்மையாகத்தான் சொன்னான். ஆனாலும் சபுராவுக்குச் சுருக்கென்றது. கொட்டுகிற மழையில், ஒப்பணக்கார வீதிச் சேற்றைத் தாண்டி இந்தக் கண்ணாடிக் கடைக்கு வந்திருக்கிறாள். கையில் எடுத்த, கண்ணாடி ஒட்டும் சிலிக்கான் பேஸ்டை வேண்டாம் என்று சொல்ல இவன் யார்…

"ஏனுங்க, கடையில வச்சிருக்கறது விக்கறதுக்குத்தானுங்களே?"

"பாத்ரூமுக்குன்னா ரெண்டா எடுத்துத் தருவேனுங்க. நீங்க மீன் தொட்டிங்கறீங்க. அதுவும் உப்புத் தண்ணி மீனு." கடைக்காரன் ரசாக் வேறொரு குழாயை எடுத்துக் காகிதத்தில் ஒரு பொட்டு பிதுக்கினான். "இதைக் கொண்டு போங்க."

குப்பென்று வினிகர் நெடி. சபுரா முந்தானையால் மூக்கைப் பொத்தினாள்.

"இந்த நாத்தத்துக்கு மனுசனே தாங்கமாட்டான். என் மீனு பொழைக்குங்களா?"

"இது காயக் காய நெடி போயிருமுங்க. உங்க கையில இருக்கறதுல நெடி இல்ல. ஆனா பூஞ்சை பிடிக்காம இருக்க மருந்து கலந்திருக்கு. அது தண்ணியில எறங்கிட்டே இருக்கும்…"

"நான் விலங்கியல்ல எம்.எஸ்ஸிங்க. காலேஜ்ல பாடம் எடுக்கறேன்."

"சரிங்க டீச்சரம்மா. மீனைப் பத்தி நீங்க சொல்லுங்க, கேட்டுக்கறேன். பேஸ்டைப் பத்தி மட்டும்…"

அவன் கண்ணோரம் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. விடுவிடுவென்று இறங்கி, அடுத்த வீதியில் அதே நெடியில்லாத பேஸ்டை வாங்கிக்கொண்டு போனாள்.

கல்லூரி ஆய்வகத்தில், மூலை கசிந்த தொட்டி காலியாக நின்றது. அதிலிருந்த இரண்டு கோமாளி மீன்களும் பூப்போல விரியும் கடல் சாமந்தி என்ற உயிரி ஒன்றும் பிளாஸ்டிக் டிரம்மில் அகதிகளாக இருந்தன. மண்டபம் கடற்கரையிலிருந்து ரயிலில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தவை. முன்பு கொண்டுவந்தவை செத்துப் போனதில், "இதுவும் போச்சுன்னா தொட்டியை எடுத்துரலாம் சபுரா" என்று முதல்வர் சொல்லிவிட்டார். காரமடையிலிருந்தும் ஆனைமலையிலிருந்தும் படிக்க வரும் பெண்களில் பாதிப் பேர் கடலைப் பார்த்ததில்லை. அவர்களுக்கு அந்தத் தொட்டிதான் கடல்.

பழைய பேஸ்டின் மேலேயே புதியதைப் பூசினாள். மறுநாள் காலையில் நகம் பட்டதும் அது நாடாவைப் போல உரிந்து வந்தது. பதறிப் போய்க் குழாயைத் திருப்பிப் பார்த்தாள். அடியில், எறும்பு ஊர்ந்தது போன்ற எழுத்தில்… மீன் தொட்டிக்கு ஆகாது.

மீனைத் திருப்பி விட்டிருந்தால்… குழாயைக் குப்பைக் கூடையில் எறிந்தாள்.

சாயங்காலம் மறுபடியும் அதே மழை. ரசாக்கின் கடை வாசலில் நின்றாள். உள்ளே போகக் கால் வரவில்லை. என்னவென்று சொல்வது… எம்.எஸ்ஸி என்று வேறு பீற்றிக்கொண்டாயே…

"உள்ள வாங்க. எதுக்கு நனைஞ்சுட்டு நிக்கறீங்க?"

"தப்புப் பண்ணிப்போட்டேனுங்க."

"மீனு?" அவன் குரல் சட்டென்று இறங்கியது.

"இன்னும் டிரம்முலதான் இருக்குதுங்க."

அவன் மூச்சு விட்டான். "அல்ஹம்துலில்லாஹ்."

சிரிப்பான் என்று பயந்திருந்தாள். அவன் சிரிக்கவில்லை.

"மூணு வருசம் முன்னாடி ஒரு டாக்டரம்மா ஊட்டுத் தொட்டிக்கு நானே இந்த நெடியில்லாததைத்தானுங்க போட்டேன். நல்லதுன்னு நெனச்சு. அத்தனை மீனும் செத்துப் போச்சு. அந்தம்மா ஒரு வார்த்தை திட்டலைங்க… அதுதான் இன்னும் உறுத்துது. நாளைக்குக் காலையில வாரேன்."

வந்தான். பழையது, புதியது எல்லாவற்றையும் பிளேடால் பொறுமையாகச் சுரண்டினான். உப்புக் கறை போகக் கழுவினான். ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தான். மூலையில் ஒரே இழுப்பில் பேஸ்ட் போட்டான். ஆய்வகமே ஊறுகாய் ஜாடியாக மணத்தது.

"ஒரு வாரம் யாரும் கை வைக்கக் கூடாதுங்க."

அவன் மறுநாளும் வந்தான். அதற்கு மறுநாளும். பெண்கள் கல்லூரிக்குள் ஆண்கள் வந்தால் வாசல் நோட்டில் காரணம் எழுத வேண்டும். நாலாம் நாள் சபுரா அதைப் பார்த்துவிட்டாள். நாலு வரியிலும் 'கண்ணாடி வேலை'.

"பேஸ்ட் காயறதுக்குக் காவல் வேணுங்களா?"

"வேண்டியதில்லைங்க."

"பின்ன என்ன வேலைங்க?"

"டிரம் தண்ணி மாத்தறது உங்க ஒருத்தருக்குக் கஷ்டமில்லீங்களா…" என்றான். காது மடல் சிவந்திருந்தது. அவள் சட்டென்று திரும்பி, மீனுக்குத் தீனி போடுவது போல நின்றுகொண்டாள். தீனி போட்டு அரை மணி நேரம் ஆகியிருந்தது.

எட்டாம் நாள் நல்ல தண்ணீர் ஊற்றி, ஒரு நாள் விட்டுப் பார்த்தார்கள். ஒரு சொட்டுக் கசியவில்லை. அப்புறம்தான் கடல் தண்ணீர். மூடிக் கிடந்த சாமந்தி மெல்ல… மெல்ல… விரிந்தது. மீன்கள் இரண்டும் அதற்குள் புகுந்து, வீடு திரும்பிய பிள்ளைகளைப் போலப் புரண்டன.

சபுராவுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியலீங்க. அன்னிக்கு அத்தனை பேசினேன்… நீங்க ஒரு சொல் குத்திக் காட்டல."

"நீங்க திரும்பி வந்தீங்களே… நான்தானுங்க நன்றி சொல்லணும். ஒரு தொட்டி மீனைக் கொன்னவன் கையாலயே இதுகளைப் பொழைக்க வச்சுட்டீங்க." பையை எடுத்துத் தோளில் மாட்டினான். "இனி எனக்கு இங்க வேலையில்லீங்க. வாரேன்."

கதவு வரைக்கும் போய்விட்டான். இப்போது விட்டால்…

"ஏனுங்க… ஞாயித்துக்கிழமை கோட்டைமேட்டுல எங்க ஊட்டுக்கு வாங்க. உங்க அம்மாவையும் கூட்டிட்டு வாங்க."

"அம்மாவை எதுக்குங்க?"

"தனியா வந்து பொண்ணு கேட்டா எங்க அத்தா டீயை மட்டும் குடுத்து அனுப்பிப்போடுவாருங்க."

அவன் மாட்டிய பையைத் தோளிலிருந்து இறக்கினான்.

"டீச்சரம்மா… நெசமாத்தான் சொல்றீங்களா?"

"எனக்கு உங்களைப் பிடிச்சிருக்குங்க," என்றாள் சபுரா. முகத்தை மூடிக்கொள்ளாமல், அவன் கண்களைப் பார்த்தே சொன்னாள்.