தாழ் சேராத கதவு

சாத்திவிட்டு வந்த கதவு மறுபடியும் ஒருக்களித்துத் திறந்திருந்தது.

வடிவேலு கையிலிருந்த தேநீர்க் குவளையை மேசைமேல் வைத்துவிட்டு அதையே பார்த்தார். மாலை நான்கு மணி. காற்று இல்லை. எதிர்க் கட்டடத்தில் மூங்கில் கழிகளில் காய்ந்த துணிகள்கூட அசையாமல் தொங்கின. எழுந்து போய்க் கதவைத் தள்ளிச் சாத்தினார். பூட்டின் நாக்கு, நிலையில் இருக்கவேண்டிய துளையைத் தேடிக் கிடைக்காமல் பித்தளைத் தகட்டில் உரசி நின்றது. மூன்றடி நடப்பதற்குள் பின்னால் கீல் முனகியது. ஒரு ஆள் ஒருச்சாய்ந்து வெளியேறும் அளவுக்குக் கதவு திறந்து நின்றது. சமையலறையில் பால்கனிக் கதவும் அதே நேரத்தில் முனகுவது கேட்டது.

மெக்பர்சன் ரோட்டுப் பக்கம் புதிதாக எழும்பிய அடுக்குமாடியின் மூன்றாம் மாடிக்கு அவரும் மகள் கண்மணியும் குடிவந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. சுண்ணாம்பு வாசமும் பச்சைச் சாய வாசமும் இன்னும் போகவில்லை. கட்டியவர்கள் கதவுகளை அவசரத்தில் மாட்டியிருந்தார்கள் என்பது பார்த்தவுடனே தெரிந்தது. ஆனாலும் அது அறுபத்து மூன்றாம் வருடம். சொந்தமாக ஒரு குழாய், சொந்தமாக ஒரு கழிவறை, வாசலுக்கு ஒரு கதவு. அதற்கு முந்தைய ஐந்து வருடமும் கெர்பாவ் ரோட்டில் ஒரு கடைவீட்டின் மாடியில் பலகைத் தடுப்புக்குள் வாழ்ந்திருந்தார்கள். அங்கே வாசலுக்குக் கதவில்லை, துணித் திரைதான். அந்த ஐந்து வருடத்தில் கதவு வேண்டும் என்று வடிவேலு ஒரு நாளும் நினைத்ததில்லை.

கண்மணி பதினெட்டு வயதுப் பெண். தேக்காவில் ஒரு தையல் கடையில் ரவிக்கை தைத்தாள். அன்று மாலை வந்தவள் கதவைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"சரியா மாட்டலப்பா, அவ்வளவுதான். இந்த அரிசி டின்ன முட்டுக் குடுத்து வைங்க. நாளைக்கு மஜீது பாயக் கூப்பிடுவோம்."

முழு டின். இரண்டு பேர் சேர்ந்து தள்ளித்தான் கதவோடு அணைத்தார்கள். விடியற்காலை அவர் எழுந்து வந்தபோது டின் கூடத்தின் நடுவில் நின்றது. சிவப்புத் தரையில் அது நகர்ந்த தடம் வெள்ளைக் கோடாக நீண்டிருந்தது. கதவு உள்பக்கம் திறப்பது. வெளியிலிருந்து தள்ளினாலோ உள்ளேயிருந்து இழுத்தாலோதான் டின் நகரும். தாழ்வாரம் முழுவதும் பார்த்தார். யாரும் இல்லை. மிளகாய் மில்லில் பதினைந்து வருடம் வேலை பார்த்த மூக்கு அவருடையது. காரம் தவிர வேறு எதுவும் அதில் எளிதாக ஏறாது. அன்று ஏறியது. குடிசைக் கூரைக்கு வேயும் அத்தாப்பு ஓலை எரிந்த வாசம்.

அப்துல் மஜீது தச்சுப் பெட்டியோடு வந்தார். தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.

"நிலையே சாஞ்சிருக்கு அண்ணே. கதவ என்ன சொல்றது. கீல்ல பாருங்க, திருகாணியத் திருகாம சுத்தியால அடிச்சு எறக்கியிருக்கானுங்க. பாவிப் பயலுங்க."

"சரி பண்ணிடலாமா?"

"பண்ணிடலாம் லா. இன்னைக்கு முன்கதவு. பின்கதவுக்கு அடுத்த திங்கக்கெழம வர்றேன்."

கதவைக் கழற்றிச் சுவரில் சாய்த்தவர், அதன் உள்பக்கத்தைத் தடவிப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

"நாய் கீய் வச்சிருக்கீங்களா அண்ணே?"

"இல்லையே. ஏன்?"

"பிராண்டியிருக்கே."

தரையிலிருந்து இரண்டு முழ உயரத்தில், புதிய சாயத்தைக் கிழித்துக்கொண்டு, மேலிருந்து கீழாகக் கோடுகள். நாய் நகத்துக்கு அவை மெல்லியவை. உட்கார்ந்த நிலையில் ஒரு ஆள் கைகளை உயர்த்தினால் எட்டும் இடம். வடிவேலு அவற்றின்மேல் விரலை வைத்து எடுத்தார். மஜீது இழைப்புளியால் அந்த இடத்தைச் சீவித் தள்ளினார். சுருள் சுருளாக விழுந்த புது மரத்தின் சீவல்களில் புகை நாற்றம் அடித்தது. மஜீது ஒரு சீவலை முகர்ந்து பார்த்தார், தும்மினார், வேலையைத் தொடர்ந்தார். மாலைக்குள் கதவு நிலையோடு பொருந்திவிட்டது. நாக்கு துளையில் விழுந்து 'டக்' என்றது.

அதற்குப் பிறகுதான் தட்டும் சத்தம் ஆரம்பித்தது.

மறுநாள் காலை கண்மணி முன்னதாகவே போய்விட, வடிவேலு வெளியே வந்து சாவியைத் திருப்பினார். இரண்டு படி இறங்கியிருப்பார். உள்ளேயிருந்து யாரோ தட்டினார்கள். அவசரமில்லாமல், வீட்டில் ஆள் இருப்பதை நினைவுபடுத்துவதுபோல மூன்று தட்டு. திரும்பி வந்து திறந்தார். கூடம், அறை, சமையலறை. கயிற்றால் கட்டிவைத்த பால்கனிக் கதவு. யாரும் இல்லை. மறுபடி பூட்டினார். இந்த முறை சாவி திரும்பி முடிவதற்குள்ளேயே தட்டல் வந்தது. வேகமாக. உள்ளங்கையால்.

அன்று அவர் கதவைப் பூட்டாமலே வேலைக்குப் போனார். அடுத்த நாளும் அப்படித்தான்.

"என்னப்பா நீங்க, வீட்டத் தொறந்து போட்டுட்டுப் போறீங்க? தையல் மெஷின எவனாச்சும் தூக்கிட்டுப் போனா?" என்று கண்மணி கோபித்துக்கொண்டாள்.

"மறந்துட்டேம்மா."

அவர் எதையும் மறந்திருக்கவில்லை.

காலாங் ஆற்றோரக் கம்பத்தில், அத்தாப்புக் குடிசை வரிசையில் இருந்த நாளில் அவர் மனைவி அன்னம்மாவுக்கு இரண்டாவது குழந்தை இறந்தே பிறந்தது. அதன்பிறகு அவள் பட்டப்பகலில் எழுந்து நடந்துபோய்விடுவாள். பிள்ளை அழுகிறது என்பாள். இரண்டு முறை ஆற்றில் இடுப்பளவு தண்ணீரில் நின்றவளைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். வெளியே போகும்போது வடிவேலு கதவுக்குப் பூட்டுப் போட ஆரம்பித்தார். அவளுடைய நன்மைக்குத்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கண்மணி பள்ளித் தோழி லீலாவின் வீட்டுக்குப் போயிருந்த நேரம், கறி வாங்கப் போனவர் காப்பிக் கடையில் உட்கார்ந்துவிட்டார். வீட்டில் பேச ஆளில்லாதவருக்கு அங்கே பேச ஆள் கிடைத்தது. வானத்தில் புகையைப் பார்த்தபோது ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. ஓடிவந்தவரை ஆறு பேர் பிடித்து நிறுத்தினார்கள். வரிசை முழுவதும் எரிந்துகொண்டிருந்தது.

உடல் வாசலுக்கு உட்புறம் கிடந்தது. சாமான் எடுக்கத் திரும்பிப் போயிருப்பாள் என்று கம்பத்தில் பேசிக்கொண்டார்கள். அவரும் மகளிடம் அதையே சொன்னார். சொல்லிச் சொல்லி ஐந்து வருடமாகிவிட்டது.

புது வீட்டுக்குக் குடிவந்த வாரத்து ஞாயிறு மதியம் மழை இருட்டிக்கொண்டு வந்தது. இருவரும் கோயிலுக்குக் கிளம்பினார்கள். கண்மணி தானே சாவியை வாங்கிப் பூட்டினாள். வடிவேலு தடுப்பதற்குள் 'டக்' என்றது.

தட்டல். கதவு அதிர்ந்தது.

கண்மணி கையை இழுத்துக்கொண்டாள். "அப்பா. உள்ள யாரு?"

மறுபடியும். இரண்டு கைகளாலும். பிறகு கீழே, தரையோரமாக, பிராண்டும் சத்தம். அதோடு கலந்து ஒரு இருமல். நீண்டு, அடைத்து, நிற்கும் இருமல். பெற்ற பிள்ளைக்குத் தெரியாத இருமலா அது.

"அம்மா ஏன் வெளிய வரலப்பா அன்னைக்கு?"

அவள் கேள்வி கதவைப் பார்த்தே வந்தது. வடிவேலு தாழ்வாரச் சுவரைப் பிடித்துக்கொண்டார். பொய் நாக்கின் நுனியில்தான் இருந்தது. வரவில்லை.

"நான்தாம்மா பூட்டிட்டுப் போனேன்."

மழை பெய்யத் தொடங்கியது. தாழ்வாரத்தில் சாரல் அடித்தது. இருவரும் நகரவில்லை.

"சாவி எங்க இருந்துச்சு?" என்று கேட்டாள் கண்மணி.

"என் சட்டைப் பையில."

அவள் அழவில்லை. திட்டவில்லை. கையிலிருந்த சாவியை அவருடைய சட்டைப் பையில் போட்டாள். பிறகு படியிறங்கினாள். குடைகூட எடுக்கவில்லை. மூன்று மாடிக்கும் அவள் செருப்புச் சத்தம் கேட்டது, அதற்குப் பிறகு மழை மட்டும்.

வடிவேலு கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனார். மஜீது பின்கதவு வேலைக்காக விட்டுப்போயிருந்த திருப்புளியை எடுத்தார். மில்லில் மூட்டை தூக்கிய கைகள். கீல்கள் நான்கையும் கழற்ற வெகு நேரமாகவில்லை. பால்கனிக் கதவையும் கழற்றிச் சுவரில் சாய்த்தார். முன்கதவு கனமானது. தோளில் வாங்கி இறக்கிக் கூடத்துத் தரையில் படுக்கவைத்தார். வாசல் இப்போது வெறும் சதுர வெளிச்சம். இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை மழைக்காற்று தடையில்லாமல் ஓடியது.

"போ அன்னம்மா. எங்க வேணாலும் போ. யாரும் தடுக்கல."

சுவரோரம் உட்கார்ந்தார். மழை விட்டது. பக்கத்து வீட்டு வானொலியில் மலாய்ப் பாட்டு கேட்டது. யார் வீட்டிலோ கருவாடு பொரிந்தது. மாலை வெயில் ஈரத் தாழ்வாரத்தில் பட்டு உள்ளே சிவந்து விழுந்தது. நெஞ்சுப் பாரம் கொஞ்சம் இறங்கியது. கண்மணி லீலா வீட்டுக்குத்தான் போயிருப்பாள், போய்க் கூட்டிவரலாம் என்று எழப்போனார்.

தட்டல்.

வாசலைப் பார்த்தார். அங்கே தட்டுவதற்கு எதுவும் இல்லை.

தட்டல். காலுக்குப் பக்கத்தில்.

தரையில் கிடந்த கதவு எகிறியது. ஒரு நூல் அளவு. விழுந்தது. மறுபடி எகிறியது. அடியிலிருந்து. சிமெண்டுத் தரைக்கும் பலகைக்கும் நடுவிலிருந்து.

வடிவேலு ஊர்ந்துபோய் விளிம்பைப் பிடித்துத் தூக்கினார். அசையவில்லை. சற்றுமுன் ஒற்றை ஆளாகத் தூக்கிய கதவு. முழங்காலை ஊன்றினார். நரம்பு புடைத்தது. கைப்பிடியைத் திருப்பினார். திரும்பியது. திறக்கவில்லை. சாவியை எடுத்துத் துளையில் நுழைத்துத் திருப்பினார். இந்தப் பக்கம். அந்தப் பக்கம். பலகை சுட்டது. புதிய சாயம் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பியது. அடியில் இருமல்.

"தொறக்க முடியல அன்னம்மா. முடியலம்மா."

இருமல் மெலிந்தது. தட்டல் நின்றது.

பலகையின் ஓரத்தில், தரையோடு தரையாக, ஏதோ வெளியே வந்தது. கறுத்து, மெலிந்து. நான்கு விரல் நுனிகள். நகம் இல்லை. தரையைத் தடவின. தேடின.

வாசல் திறந்து கிடந்தது. எழுந்து ஓடியிருக்கலாம்.

அவர் கன்னத்தைக் கதவின்மேல் சாய்த்துப் படுத்தார். கையை நீட்டி அந்த விரல்கள்மேல் வைத்தார். அடுப்பிலிருந்து எடுத்த கரியைப்போல் கொதித்தன. எடுக்கவில்லை.

அவை மெதுவாக வளைந்து அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டன.