வெல்லெண் இருபத்தொன்று

"இன்னைக்கு நீ நின்னுடும்மா. எனக்கு வயித்துக்குச் சரியில்ல" என்றார் சீனியர் வக்கீல் வீரபத்திரன், நீதிமன்ற கேன்டீனில் இரண்டாவது வடையைப் பிட்டுக்கொண்டே.

வயிற்றுக்கு ஒரு கேடும் இல்லை. மேசைமேல் கிடந்த கணிப்பிதான் அவருக்குப் பிடிக்காத எண்ணைக் காட்டியது. ஜூனியர் சங்கவி அதை எட்டிப் பார்த்துவிட்டாள்.

கணிப்பி வந்த பிறகு ஒவ்வொரு வக்கீலுக்கும் ஒரு வெல்லெண் உண்டு. ஜெயித்தால் ஏறும், தோற்றால் இறங்கும். தீர்ப்பு நாளில் எழுந்து நிற்பவர் யாரோ, அவர் கணக்கில்தான் சேரும். கேஸ் கட்டையும் நிற்பவரின் வெல்லெண்ணையும் சேர்த்துப் பார்த்து, ஜெயிக்க நூற்றுக்கு எத்தனை வாய்ப்பு என்று அது சொல்லிவிடும். அதே எண் நீதிபதியின் திரையிலும் தெரியும். அதை மீறித் தீர்ப்பெழுதும் நீதிபதி மேலிடத்துக்குப் பக்கம் பக்கமாக விளக்கம் எழுதவேண்டும். யாருக்கு அவ்வளவு பொழுது இருக்கிறது?

வீரபத்திரனின் வெல்லெண் தொண்ணூற்றெட்டு. ஆபீஸ் வாசல் பலகையில் அவர் பெயரைவிட அந்த எண்தான் பெரிதாக இருக்கும். கணிப்பி எண்பதுக்கு மேல் காட்டினால் கவுனை மாட்டிக்கொண்டு அவரே வருவார். குறைந்தால் வயிற்று வலி வந்துவிடும், ஜூனியர் நிற்கவேண்டும். அந்தத் துறைமுக ஊரில் எல்லா சீனியர்களுக்கும் இந்த வயிற்று வலி உண்டு. கட்டைப் படிப்பதும் குறிப்பெழுதுவதும் சங்கவி, தோற்பதும் சங்கவி. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். நாலு வருடத்தில் அவள் வெல்லெண் இருபத்தொன்றுக்கு வந்து நின்றது. இருபதைத் தொட்டால் வாதாடும் உரிமையே பறிபோகும்.

"உங்க பேருக்கு அறுபத்திரண்டு காட்டுது சார். தோக்குற கேசு இல்லையே இது."

"ஊசலாட்டம்மா. எனக்கு ஊசலாட்டமெல்லாம் ஆகாது."

"என் பேரைப் போட்டா பதினெட்டுதான். இன்னைக்குத் தோத்தா நான் வக்கீலே இல்ல சார்."

"அதனால என்ன? நம்ம ஆபீஸ்லயே டைப் அடிச்சுக்கிட்டு இருந்துக்க. உன்னைய நான் விட்ருவேனா?"

சங்கவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. படிக்க வைத்த அப்பாவின் முகம் ஞாபகம் வந்தது. கட்டைத் தூக்கிக்கொண்டு கோர்ட் ஹாலுக்குப் போனாள்.

பின்பெஞ்சில் ஆரோக்கியமேரி ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தாள். துறைமுகத்தை ஒட்டிய கருவாட்டுக் கொட்டகைதான் அவள் பிழைப்பு. இடத்துக்காரக் கம்பெனி காலி செய்யச் சொல்லி அவள்மேல் வழக்குப் போட்டிருந்தது. அவள் தரப்புக்கு வக்கீல் வீரபத்திரன்.

வழக்கைக் கூப்பிட்டார்கள். சங்கவி எழுந்ததும் நீதிபதியம்மா திரையைப் பார்த்தார். அதில் பதினெட்டு. அவர் முகத்தில் தீர்ப்பு எழுதி முடித்த களை வந்துவிட்டது.

"பிரதிவாதி தரப்பில் நீங்கள்தானா?"

"இல்லை அம்மா. வக்காலத்தில் முதல் பெயர் சீனியர் வீரபத்திரன் அவர்களுடையது. இந்த வழக்கில் நான் நிற்கவில்லை."

"அவர் எங்கே?"

"கேன்டீனில் வடை சாப்பிடுகிறார், அம்மா."

ஹால் முழுக்கச் சிரிப்பு. நீதிபதி சிரிக்கவில்லை, டவாலியை அனுப்பினார். கொஞ்ச நேரத்தில் வீரபத்திரன் வாயைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றார். வாய்தா கேட்டார், கிடைக்கவில்லை. கட்டை அவர் பிரித்தே பார்த்ததில்லை. முழித்தார்.

அவர் முழிக்கட்டும் என்றுதான் சங்கவிக்கு இருந்தது. ஆனால் பின்பெஞ்சில் மேரி எழுந்தே நின்றுவிட்டாள். சங்கவி தன் குறிப்பை அவர் கையில் திணித்தாள்.

அவர் அதை வரி மாறாமல் வாசித்தார். காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் கொடுத்த பிறகும் கம்பெனி மாதாமாதம் வாடகையை வாங்கியிருக்கிறது, வாங்கியதால் அந்த நோட்டீஸ் அன்றைக்கே செத்தது, செத்த நோட்டீஸை வைத்து வழக்குப் போட முடியாது. நீதிபதி திரையைப் பார்த்தார். இப்போது அறுபத்திரண்டு. தலையாட்டினார். கம்பெனியின் வழக்கு தள்ளுபடியானது.

அதே தாள், அதே எழுத்து. இவள் வாயில் பதினெட்டு, அவர் வாயில் அறுபத்திரண்டு. மாமியார் உடைத்தால் மண்குடம் என்கிற கதைதான்.

வராந்தாவில் மேரி அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அதற்குள் வீரபத்திரன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்துவிட்டார். அவர் வெல்லெண் தொண்ணூற்றொன்பது ஆகியிருந்தது.

"பாத்தியளா? நான் நின்னா ஜெயிச்சுரும்!" என்றார், நாலு பேருக்குக் கேட்கும்படி.

மேரியின் அழுகை நின்றது. "அப்ப எங்க அண்ணன் கேசுல ஏன் ஐயா நீங்க நிக்கல?"

"எந்த அண்ணன்?"

"சவரிமுத்து. போன வருசம் வீடு போச்சுல்லா. இப்ப பிள்ளைகளோட எங்க கொட்டகையிலதான் கெடக்காவ." சங்கவியிடம் திரும்பினாள். "அன்னிக்கு நீங்கதான நின்னிய? ஐயா பேருக்கு எவ்வளவு காட்டிச்சு?"

"எழுபத்தஞ்சு" என்றாள் சங்கவி.

"ஏம்மா, வாயை மூடு!" என்றார் வீரபத்திரன்.

"எழுபத்தஞ்சா! அதை வச்சுக்கிட்டு நீரு வடை தின்னீராக்கும்!" மேரியின் குரல் வராந்தா முழுக்கக் கேட்டது. பெஞ்சில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து வந்தார்கள். இன்னொருவர் தன் கடை வழக்கைக் கேட்டார், ஒரு பெண் தன் பாகப்பிரிவினையைக் கேட்டாள். எல்லோருக்கும் தங்கள் தீர்ப்பு நாளில் அவர் பேருக்குக் காட்டிய எண் வேண்டியிருந்தது.

"உம்ம மேல எங்க அண்ணன் கேசு போடுவாவ, பாத்துக்கிடும்" என்றாள் மேரி.

வீரபத்திரன் சங்கவியைத் தூண் பக்கம் இழுத்துப்போனார். அவசரமாகக் கணிப்பியில் தன் பெயரைப் பிரதிவாதியாகப் போட்டுப் பார்த்தார். முப்பது காட்டியது. வியர்த்துவிட்டது அவருக்கு.

"ஏம்மா, அப்படி ஏதும் கேசு வந்தா, அன்னைக்கு நீ வந்து நின்னுடும்மா."

"கண்டிப்பா நிக்கேன் சார். சாட்சிக் கூண்டுல."

அவர் பழக்கதோஷத்தில் அவள் பெயரைக் கணிப்பியில் தட்டினார். சாட்சிகளுக்கு வெல்லெண் கிடையாது என்று அது பதில் சொன்னது.