சுவருக்குள் கடியன்

கடியனை உண்டாக்கியது நான்தான். வீட்டில் அது யாருக்கும் தெரியாது.

என் தம்பிக்கு ஆறு வயது. என் பென்சில் பெட்டியைக் கண்டால் அவனுக்குக் கை சும்மா இருக்காது. பத்து நாளுக்கு முன்னால் என் புது ரப்பரை நான்காக வெட்டிவிட்டான். எனக்கு வந்ததே கோபம்!

"நம்ம சுவருக்குள்ள கடியன்னு ஒருத்தன் இருக்கான். அடுத்தவங்க பொருளைத் தொடுற பிள்ளைங்களைக் கொஞ்சம் கொஞ்சமா கடிச்சுத் தின்பான்" என்று அளந்துவிட்டேன்.

தம்பி சுவரையே பார்த்தான். "சத்தம் கேக்குமா அக்கா?"

"கேக்காது. கடிச்ச இடமும் வெளியே தெரியாது."

அதன் பிறகு என் பெட்டியை யாரும் தொடவில்லை. நான் மகா கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் தம்பி நாளுக்கு நாள் வெளிறிப்போனான். நாலு படி ஏறினாலே மூச்சு வாங்கியது. இன்று காலை அவன் கண்ணெல்லாம் மஞ்சள். சிறுநீர் பால் விடாத காபி நிறத்தில் போனது. அம்மா பதறிப்போய் அவனை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

அம்மாவுக்கு அங்கேதான் வேலை, ரத்தப் பரிசோதனை அறையில். தம்பியின் ரத்தத்தில் ஒரு சொட்டைக் கண்ணாடித் துண்டில் தேய்த்து, சாயமிட்டு, மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். லென்ஸை மாற்றி மறுபடியும் பார்த்தார்.

"என்னம்மா?"

"நீயே பாரு."

பார்த்தேன். வெளிச்சத்தில் குட்டிக் குட்டியாகச் சிவப்பு வட்டங்கள். பல வட்டங்களில் ஓரத்தைக் காணோம். பிஸ்கட்டை ஒரு கடி கடித்துவிட்டு வைத்தது போல இருந்தது.

"யாரோ கடிச்ச மாதிரி இல்ல?" என்றார் அம்மா.

அறையில் ஃப்ரிட்ஜ் மட்டும் மெல்ல உறுமியது. என் முதுகுக்குப் பின்னால் சுவர். சட்டென்று விலகி நின்றேன். நான் விட்ட புளுகு எப்படி உண்மையாகும்?

டாக்டர் வந்து பார்த்தார். "ஏதாவது ரசாயனம் பட்டிருக்கும். வீட்ல என்ன மருந்து, என்ன பொடி வச்சிருக்கீங்க?" என்று கேட்டார். அம்மாவுக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

நான் தம்பியிடம் போனேன். கட்டிலின் நடுவில், சுவர் படாமல் சுருண்டு கிடந்தான்.

"கிட்ட வா அக்கா. இங்க கடியன் வரமாட்டான்" என்றான் ரகசியமாக.

குனிந்தேன். சுள்ளென்று ஒரு வாடை மூக்கில் ஏறியது.

"சட்டைப்பையில என்னடா?"

மூன்று அந்துருண்டைகள்! துணி அலமாரியில் போடுகிற வெள்ளை உருண்டைகள்.

"இது இருந்தா எதுவும் துணியைக் கடிக்காதுன்னு அம்மா சொன்னாங்கல்ல? என்னையும் கடிக்காது. தலையணை உறைக்குள்ள நிறைய வச்சிருக்கேன்" என்றான்.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. உருண்டைகளை மட்டும் காட்டினால் நான் தப்பிவிடலாம். ஆனால் பயம் போகாவிட்டால் இவன் மறுபடியும் எடுப்பானே? டாக்டரையும் அம்மாவையும் கூப்பிட்டு, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். அதற்குக் கடியனே தேவலாம்.

"சில பிள்ளைங்க ரத்தத்துக்கு இந்த உருண்டை ஆகவே ஆகாது. சிவப்பணுவைக் கெடுத்துடும். கெட்டுப்போன இடத்தை உடம்பே பிய்ச்சு எடுத்துடும். அதைத்தான் நாம பார்த்தோம். நல்லவேளை, இப்பவாவது சொன்னே. ரெண்டு மூணு நாள் இங்கேயே இருக்கட்டும். புது ரத்தம் ஊறிடும்" என்றார் டாக்டர்.

அவர்கள் போனதும் தம்பி கேட்டான்: "அப்போ கடியன் இல்லவே இல்லையா?"

"இல்லடா. நான்தான் புளுகினேன். என்னை மன்னிச்சுடு."

அவன் சுவரைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். பிறகு கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டான்.

"எதுக்கும் நீ சுவர்ப் பக்கம் படு."

படுத்துக்கொண்டேன். சுவர் சில்லென்று இருந்தது. ஐந்தே நிமிடத்தில் என் தம்பி குறட்டை விட்டுத் தூங்கினான்.